பவளத்தொட்டி வைக்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

எங்க வீட்டு ஹாலில் மூணடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. ஆபீஸில் கூட உட்கார்ந்து ஆணி பிடுங்கும் மக்களிடம் படம் காட்டினால் முதல் கேள்வி, "மச்சி, மொத்தம் எவ்வளவு ஆச்சு?" ரெண்டாவது கேள்வி, "நீமோ என்ன விலை?" மூணாவது கேள்வி வருவதற்குள் டேமேஜர் வந்துவிடுவார். இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்தான் இந்தப் பதிவு.

என்னைக் கேட்டால், கேட்க வேண்டிய கேள்வியே வேற. அந்த மீன் எங்கேருந்து வந்தது? அந்தக் கல் எங்கேருந்து வந்தது? இதுக்கு நேராகப் பதில் சொல்லாத கடையில் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாது. பதிலைத் தெரிஞ்சுக்கிற பொறுமை இல்லாதவங்க கடல் தொட்டி வைக்கவே கூடாது. கொஞ்சம் கறாரான கருத்துதான். ஏன்னு சொல்லிடறேன், அப்புறம் ஆட்டோ அனுப்புங்க :-)

சென்னையில் மீன் வளர்த்த யாருக்கும் கொளத்தூர் தெரியாமல் இருக்காது. அங்கே போய் ஒரு கப்பியோ மோலியோ கோல்ட்ஃபிஷ்ஷோ வாங்கினால், அது அநேகமாக ஏதோ ஒரு பண்ணைத் தொட்டியில் பிறந்து வளர்ந்தது. அதோட தாத்தா பாட்டியும் தொட்டியில் பிறந்தவங்கதான். நன்னீர் மீன் வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுது. கடல் மீன் கதை அப்படியே தலைகீழ். கடையில் மின்னுகிற நீலம், மஞ்சள், ஊதா எல்லாம் பெரும்பாலும் எங்கேயோ ஒரு பவளப்பாறையில் நேற்று வரைக்கும் மேய்ந்துகொண்டிருந்தவை. யாரோ வலை போட்டு, பையில் கட்டி, விமானம் ஏத்தி அனுப்பியவை. ஒன்று செத்தால் அதுக்குப் பதிலாக இன்னொன்று பண்ணையிலிருந்து வராது, கடலிலிருந்துதான் வரும். இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா மத்ததெல்லாம் தானாகவே புரியும்.

சரி, தொட்டிக்கு வருவோம்.

கடல் தொட்டியில் மீன் வளர்ப்பது அப்புறம், முதலில் தண்ணீரை வளர்க்கணும். என் தொட்டி மூணடிக்கு ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி, கணக்குப் போட்டால் 190 லிட்டர் சொச்சம். "ஏன் மாப்பிள்ளை, பெசன்ட் நகர் பீச்சுல ரெண்டு கேன் பிடிச்சுட்டு வந்தா முடிஞ்சுது, உப்புக்கு எதுக்கு காசு?" என்றார் மாமனார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா பக்கத்துலயே அடையாறு கடலில் கலக்கிறது. வடக்கே 2023 டிசம்பர் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் மிதந்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். கரையோரத் தண்ணீரில் என்ன இருக்குன்னு வீட்டில் இருக்கிற நாலு டெஸ்ட் கிட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால செயற்கைக் கடல் உப்புதான். லிட்டருக்கு 35 கிராம் சொச்சம்.

"அப்போ தூத்துக்குடி கல் உப்பு போட்டுக்கலாமே, அதுவும் கடல் தண்ணில வந்ததுதானே" என்பது மாமாவின் அடுத்த பந்து. இது உண்மையிலேயே நல்ல கேள்வி. உப்பளத்தில் கடல் தண்ணீர் காயக் காய, கால்சியம் முதலில் ஜிப்சமாகப் பிரிந்து தனியாக அடியில் தங்கிவிடுகிறது. அப்புறம்தான் நாம சாப்பிடுகிற உப்பு படிகிறது. மெக்னீசியம் கடைசியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆக அளத்து உப்பு என்பது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. சாம்பாருக்குப் பிரமாதம். ஆனால் கால்சியத்தை உறிஞ்சி எலும்புக்கூடு கட்டுகிற ஜந்துவுக்கு அதில் ஒண்ணுமே இல்லை. தொட்டியில் கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம், காரத்தன்மை 8, 9 டிகேஹெச் என்று ஒரு கணக்கில் நிற்கணும். இதைச் சொன்னதும் மாமா காப்பி குடிக்கப் போயிட்டார்.

உப்பைக் கரைக்கிற தண்ணீரிலும் வில்லங்கம் இருக்கு. போர் தண்ணீர் கூடவே கூடாது. கேன் தண்ணீரும் சரிப்படாது. வீட்டு ஆர்ஓ மிஷினில் ருசிக்காக ஒரு டிடிஎஸ் திருகாணி வைத்துக் கொஞ்சம் உப்பைத் திரும்பக் கலந்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது மீட்டரில் சைபர் காட்டுகிற தண்ணீர். ஆர்ஓவுக்குப் பின்னால் ரெசின் உருளை ஒண்ணு போட்டால்தான் அது வரும். இல்லாவிட்டால் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் உள்ளே போய், முதல் மாசமே தொட்டி முழுக்கக் காப்பிப்பொடி தூவின மாதிரி பழுப்புப் பாசி.

இன்னொன்று, தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அங்கேயே இருக்கும். தினம் ரெண்டு லிட்டர் குறைந்தால் அதுக்குப் பதில் நல்ல தண்ணீர்தான் ஊத்தணும், உப்புத் தண்ணீர் ஊத்தினால் ஒரே வாரத்தில் சாக்கடல் ஆகிவிடும். எட்டாம் கிளாஸ் அறிவியல்தான். ஆனா பொட்டி தட்டுற நம்ம மக்களில் எத்தனை பேர் இதில் விழுந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

இப்போ நான் ரொம்பக் கோபப்படுகிற இடத்துக்கு வரேன்.

தொட்டியில் மணல், கல், உப்புத் தண்ணீர் எல்லாம் போட்டு மோட்டாரை ஓட விட்டாச்சு. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கு. மீன் விடலாமா? விடவே கூடாது. அந்தத் தண்ணீர் செத்த தண்ணீர். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கடலில் அதைக் கரைக்க ஒரு சமுத்திரமே இருக்கு, தொட்டியில் 190 லிட்டர்தான். அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு பாக்டீரியாக் கூட்டம் வேணும். நைட்ரைட்டும் விஷம்தான், அதை நைட்ரேட் ஆக்க இன்னொரு கூட்டம் வேணும். இந்த ரெண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அவங்களுக்குச் சாப்பாடு? மீன் மார்க்கெட்டில் ஒரே ஒரு இறால் வாங்கி (தோலோட, மசாலா தடவாம!) தொட்டிக்குள் போட்டுவிட்டால் போதும். அது அழுகும், அம்மோனியா ஏறும், அப்புறம் நைட்ரைட் ஏறும், ஒரு நாள் ரெண்டும் சைபருக்கு இறங்கும். அது வரைக்கும் காலித் தொட்டியை வெறிக்க வெறிக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கணும். "இத்தனை ஆயிரம் செலவு பண்ணி ஒரு இறாலுக்கு பால் ஊத்தியிருக்கீங்க" என்று தங்கமணி ஒரு மாதம் ஓட்டினார். ஓட்டட்டும்.

கடைகளில் என்ன சொல்கிறார்கள்? நான் ஒரு கடையில் என் காதால் கேட்டது. கல்யாணமான புதுசில் வந்த ஒரு ஜோடி. தொட்டி வைத்து மூணு நாள்தான் ஆச்சு என்கிறார்கள். கடைக்காரர் கூசாமல், "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், டெஸ்டிங்குக்கு நாலு டாம்செல் விடுங்க. அது தாங்கும். செத்தாலும் சின்ன மீன்தானே, விலை கம்மி" என்றார். நாலு நீலக் குட்டிகள் பையில் போயின. மென்பொருளில் டெஸ்டிங் பண்ணாமல் நேரா புரொடக்‌ஷனில் ஏத்துகிறவனை நாம என்ன பாடு படுத்துகிறோம்! இங்கே டெஸ்டிங்குக்கே உயிரை விடச் சொல்கிறார்கள். அந்த நாலும் ஒரு பாறையிலிருந்து பிடிக்கப்பட்டவை, அந்த வேலையை ஒரு செத்த இறாலே செய்யும். பாட்டிலில் விற்கிற பாக்டீரியாவை நான் குறை சொல்லவில்லை, அது காலத்தைக் கொஞ்சம் குறைக்கும்தான். ஆனால் பாட்டிலை ஊத்தியதும் நம்ப வேண்டியது டெஸ்ட் கிட்டை, கடைக்காரரை இல்லை.

அடுத்தது சூடு. பவளத் தொட்டி 25, 26 டிகிரியில் இருந்தால் சௌக்கியம். சென்னையில் மே மாசம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலே நமக்கு ஆவி பறக்குது. தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் தள்ளாடும். கடைசியில் சில்லர் வாங்கத்தான் வேணும். கண்ணாடித் தொட்டியின் விலையைப் பற்றி பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். தொட்டிதான் இருப்பதிலேயே மலிவு. சில்லர், விளக்கு, அலை மோட்டார், அழுக்கை நுரையாகத் தள்ளும் ஸ்கிம்மர் எல்லாம் சேர்த்து எனக்கு மாசம் 110 யூனிட் பக்கம் இழுக்கிறது. நம்ம ஊரில் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. ரெண்டு மாசத்துக்கு 220 யூனிட் கூடினால், 500 யூனிட் கோட்டுக்குக் கீழே நிம்மதியாக இருந்த குடும்பம் கோட்டைத் தாண்டி விலை கூடின கணக்குக்குப் போய்விடும். ஆக "எவ்வளவு ஆச்சு" என்பவர்களுக்கு: வாங்கின விலை முக்கியம் இல்லை அண்ணாச்சி, மாசா மாசம் ஆகிறதைக் கேளுங்க.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். தெற்கே, ஏரியை ஒட்டின ஏரியா. ரெண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை, படிக்கட்டு வரைக்கும் தண்ணீர். தொட்டியில் முதலில் தீர்வது உணவு இல்லை, ஆக்ஸிஜன். அலை நின்ற சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்துவிட்டன. அவரும் அவங்க அம்மாவும் முறை வைத்து ராத்திரி முழுக்க ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பதினாலில் ஐந்து பிழைத்தது. செல் போட்டு ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று இருந்திருந்தால் கதை வேற. அதன் விலை ஒரு நல்ல பிரியாணி பார்சல் அளவுதான்.

இப்போ கல்லுக்கு வருவோம். என் முக்கியமான சண்டை இங்கேதான்.

பவளத் தொட்டியின் உயிரே கல்தான். பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். இந்த யோசனையை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். 1961-ல் ஒரு அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் அவர் எழுதினார்: கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல், கடல் தண்ணீர், வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி, அவ்வளவுதான். ஊரெல்லாம் மணலுக்கு அடியில் வடிகட்டி வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. கடல் பக்கத்தில் இருந்த ஒரு வெப்பநாட்டுக்காரர் கல்லை வைத்தே காரியத்தை முடித்துவிட்டார். பிற்பாடு ஜெர்மன்காரர்கள் அதோட ஸ்கிம்மரையும் பலமான விளக்கையும் சேர்த்து 'பெர்லின் முறை' என்று பேர் வாங்கிக்கொண்டார்கள். (இதுல ஒரு நுண்ணரசியல் பதிவே போடலாம், இப்போ வேண்டாம்.)

அவர் காலத்தில் கடலில் கல் எடுப்பது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. நம்ம ஊரிலும் தெரியவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், எல்லாத்தையும் சுத்திப் பவளப்பாறை. முருகைக்கல் என்று நம்ம கடற்கரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பல வருஷமாக வள்ளம் வள்ளமாக இதை உடைத்து எடுத்து வந்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் போட்டார்கள். 1986-ல் இந்தத் தீவுகளைச் சுத்தி கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் இன்றைக்கு நீருக்கு அடியில்தான் இருக்கின்றன. பாறையை உடைத்தது அதுக்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாறை அலையைத் தடுக்கும் சுவர். சுவரை உடைத்தால் வீடு என்ன ஆகும்?

பெரிய உருண்டைப் பவளம் ஒன்று வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிய விஷயம். என் தலை அளவுக்கு ஒன்று இருந்தால் அது என்னை விட மூத்ததாகக் கூட இருக்கலாம். பவளம் கல் இல்லை, செடியும் இல்லை, கல்லைக் கட்டிக்கொண்டு அதுக்குள் வாழும் பிராணிகளின் கூட்டம். அந்தப் பிராணியின் சதைக்குள் நுண்பாசி குடியிருந்து வெயிலில் சமைத்துப் போடுகிறது. கடல் வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நின்றால் இந்த உறவு முறிந்து பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படி நடந்தது. உலக அளவில் நான்காவது பெரிய வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். ஒரு டிகிரி எல்லாம் ஒரு சூடா என்று கேட்பவர்கள் ஒரு மே மாசம் என் சில்லர் பில்லைப் பார்க்கணும். (மோதிரத்தில் இருக்கிற பவளமா என்று கேட்ட சித்தப்பாவுக்கு: அது இல்லை சித்தப்பா, அது மத்தியதரைக் கடலின் செம்பவளம். அது வேற ஜாதி, பாறை கட்டாது.)

2001-லேயே பாறை கட்டும் எல்லாக் கடினப் பவளங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் அதே பட்டியலில். வாங்கக் கூடாது, விற்கக் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது மூணு வருஷம் உள்ளே, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல். யூடியூபில் அமெரிக்கக்காரர் தொட்டியில் பார்க்கும் கலர் கலரான கொம்புப் பவளம் நம்ம ஊர் ஹாலில் இருந்தால் அது சட்டப்படி புலித்தோல் மாதிரிதான்.

இதை எதிர்க்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பவளத்தை ஒரு துண்டு உடைத்து வேறு கல்லில் ஒட்டினால் அது தனியாக வளரும். வெளிநாடுகளில் அப்படித் தொட்டியிலேயே வளர்த்த துண்டுகளை விற்கிறார்கள், கடலைத் தொடுவதே இல்லை. "தொட்டியில் வளர்ந்த துண்டுக்கும் கடலில் உடைத்ததுக்கும் ஒரே தண்டனையா, இது என்ன சட்டம்" என்று என் பொழுதுபோக்குத் தோழர்கள் பொங்குகிறார்கள். சரிதான். ஆனா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. கையில் இருக்கிற துண்டு எங்கே வளர்ந்ததுன்னு பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பீங்க? எனக்கே ஒருத்தர் செல்போனில் படம் காட்டி, குரலைத் தாழ்த்தி, "ஃபார்ம் பீஸ் சார், நம்பி வாங்கலாம்" என்றார். அடிப்பக்கம் பார்த்தால் உளியால் பெயர்த்த தழும்பு. இப்போதைக்கு அந்தத் தடை இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. முறையாக எண் போட்டு, யார் வளர்த்தது என்று சான்றிதழோடு ஒரு அரசு ஆய்வு நிலையம் விற்கிற காலம் வந்தால் நானும் வரிசையில் நிற்பேன். அது வரைக்கும் 'ஃபார்ம் பீஸ்' என்ற வார்த்தைக்கு என் அகராதியில் அர்த்தம் இல்லை.

என் தொட்டியில் இருப்பது காய்ந்த செயற்கைக் கல். பீங்கான் மாதிரி சுட்டுச் செய்தது. முதல் ஆறு மாதம் வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி மாதிரிதான் இருந்தது. இப்போ ஊதாப் பாசி படர்ந்து அசல் பாறைக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதில் நண்பர்களின் தொட்டிகளில் பெருகிப் பிரிந்து வந்த மென்பவளங்கள் நாலைந்து: காளான் வகை ரெண்டு, கூட்டமாகப் பூக்கும் ஜோயாந்திட் ரெண்டு, மரம் மாதிரி கிளை விடும் ஒன்று. இந்த வகைகள் அந்த அட்டவணையில் இல்லை, சூட்டையும் சின்னச் சின்னத் தப்பையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். (அதுக்காக மன்னார் வளைகுடாவில் போய்ப் பறித்து வரலாம் என்று அர்த்தம் இல்லை. தேசியப் பூங்காவில் ஒரு கூழாங்கல்லைக் கூட எடுக்கக் கூடாது.)

மீன்? ரெண்டே ரெண்டு கோமாளி மீன். ஆமாம், நீமோதான். 2003-ல் படம் வந்ததிலிருந்து அதுக்கு அடிச்சது யோகமா சாபமா தெரியவில்லை. ஆனால் கடல் மீன்களில் மனசாட்சி உறுத்தாமல் வாங்கக் கூடியது அதுதான். முட்டையை ஒரு கல்லில் ஒட்டி வைத்து அப்பா மீன் விசிறிக்கொண்டே காவல் காக்கும். ஒரு வாரம் சொச்சத்தில் இருட்டினதும் குஞ்சு பொரிக்கும். ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத ஜந்துவைக் கொடுத்து வளர்க்கலாம். இதை உலகம் எழுபதுகளிலிருந்தே செய்கிறது, நம்ம மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்கின்றன. லட்சத்தீவில் அகத்தித் தீவுப் பெண்கள் அலங்கார இறால் வளர்க்கப் பழகியிருக்கிறார்கள். கடற்கரை ஜனங்களுக்குப் பிடித்து விற்பதை விட வளர்த்து விற்பதில் காசு வர வேண்டும், இதுதான் வழி என்பேன்.

(இன்னொரு தகவல். கோமாளி மீன் கூட்டத்தில் அம்மா செத்தால் அப்பா மீன் அம்மாவாக மாறிவிடும். படத்தில் வந்த அப்பா முதல் காட்சிக்குப் பிறகு... சரி விடுங்க, குழந்தைகள் படம்.)

அந்த நீல டோரி? வாங்காதீங்க. வளர்ந்தால் ஒரு அடி வரும், நாள் முழுக்க நீந்தித் திரியும் ஜாதி. அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து வளர்த்ததே 2016-ல்தான், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில். காரணம், அது முட்டையைத் திறந்த கடலில் தூவிவிட்டுப் போய்விடும், குஞ்சு தூசி அளவு. ஆக நம்ம கடையில் இருப்பது கடலில் பிடித்ததாகவே இருக்கும். மாண்டரின் மீனையும் வாங்காதீங்க, பட்டுப்புடவை மாதிரி அழகு, ஆனால் உயிரோடு இருக்கும் நுண்ணிய ஓட்டுமீன்களைத்தான் கொத்தித் தின்னும். புதுத் தொட்டியில் அது கண்ணெதிரே மெலிந்து மெலிந்து பட்டினியில் சாகும். பிலிப்பைன்ஸில் அறுபதுகளிலேயே பாறை இடுக்கில் சோடியம் சயனைடைப் பீய்ச்சி, மயங்கின மீனைப் பொறுக்குகிற பழக்கம் ஆரம்பித்துவிட்டது. மீன் மயங்கும், பக்கத்தில் இருக்கும் பவளம் சாகும். அப்படிப் பிடித்த மீன் கடையில் நல்லா இருக்கிற மாதிரிதான் இருக்கும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணம் தெரியாமல் போய்விடும். கடைக்காரர், "தண்ணி சரியில்ல சார்" என்பார்.

"அப்போ வளர்க்கவே வேண்டாமே, கண்ணாடிச் சிறைதானே" என்கிற ஜீவகாருண்யத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. டோரி விஷயத்தில் நீங்க சொல்வது சத்தியம். ஆனால் கோமாளி மீன் கடலிலேயே ஒரு கடல் சாமந்தியை விட்டு சில அடி தாண்டுவதில்லை. பண்ணையில் பிறந்தது, திரும்பிப் போகக் கடல் கிடையாது, பெரிய மீன் துரத்தாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷத்தைத் தாண்டும். இன்றைக்கு ரெண்டு நீமோ வாங்குகிற 27 வயசுப் பையன், தன் பையன் காலேஜ் போகும்போதும் தண்ணீர் மாத்திக்கொண்டு இருக்கணும். அதுக்கு ரெடியா என்றுதான் நான் ஆபீஸ் மக்களைக் கேட்கிறேன். பாதிப் பேர் அந்த இடத்திலேயே எஸ்கேப். மீதிப் பேரில் ஒருத்தர் மட்டும் போன வாரம் இறால் போட்டிருக்கிறார். அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கிறதாம், தினம் ரெண்டு தடவை ரீடிங் அனுப்புகிறார்.

டிஸ்கி: ஜோயாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கு. கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டாதீங்க, கையில் காயம் இருந்தால் தொடாதீங்க. பாசியை ஒழிக்கிறேன் பேர்வழி என்று அந்தக் கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடவே கூடாது. அந்த ஆவியை சுவாசித்து வெளிநாடுகளில் குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். குழந்தை, நாய், பூனை இருக்கிற வீட்டில் தொட்டிக்கு மூடி கட்டாயம்.